நெத்திலிக்கு ஆகாத பால்

மீன் தலையைப் போட்டுப் போட்டுத்தான் அந்த நாய்க்குட்டிக்கு வயிறு கெட்டது என்று இனி என் முன்னால் யாரும் பேச வேண்டாம். சரிதா மீன் விற்றாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் குட்டிக்கு ஒரு மீன் முள்ளைக்கூடக் காட்டியவள் இல்லை. நான் எதிர்வீடு. பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

கோவளம் பக்கத்துப் பெண் அவள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து மீன்கூடை வைத்தாள். மீன்காரிக்கு வீடு தர இந்தத் தெருவில் எவருக்கும் மனசில்லை. லோகநாதன் ஒருவர்தான் தன் வீட்டுப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தார். அதைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

ஒரு மழை நாளில், மார்க்கெட்டில் நனைந்து கிடந்த கறுப்பு நாய்க்குட்டியை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். அத்தனூண்டு இருந்ததால் நெத்திலி என்று பெயர். விடிவதற்குள் தூக்கிப் போய் வெளிக்கிருக்கக் காலி மனையில் விடுவாள். சோறு தின்றதும் மறுபடி காலி மனை. கொஞ்ச நாளில் குட்டியே கதவைப் பிறாண்டிக் கூப்பிட ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் லோகநாதன் மகன் தயாளன் பொத்தேரியில் பைக்கிலிருந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அதற்குப் பிறகுதான் குட்டிக்குப் பேதி கண்டது. பழகினதெல்லாம் மறந்து அறையிலும் நடையிலும் கழிந்தது. சரிதா பினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவி ஓய்ந்தாள். அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்து, பால் கூடாது, குழைந்த சோறு போதும் என்றார். அவளும் அப்படியே செய்தாள். வாரம் நடுவில் குட்டி தேறும். ஞாயிறானால் மறுபடி அதே கதி.

சனிக்கிழமைதோறும் என்னவோ நடக்கிறது என்று அவளுக்குப் பொறி தட்டியது. ஒரு சனிக்கிழமை வியாபாரத்துக்குப் போகாமல், குட்டியை நடையில் கட்டிவிட்டு அறைக்குள்ளேயே ஒளிந்திருந்தாள். லோகநாதன் மனைவி ஜெயக்கொடி தலைக்குக் குளித்த ஈரம் சொட்ட, செருப்பில்லாமல், வாய் திறக்காமல் வந்தாள். சர்க்கரை போட்ட பாலைக் கிண்ணத்தில் ஊற்றி நாய்க்கு வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். சனிக்கிழமை, கறுப்பு நாய், ஈரத்தலை. இது சனி பகவானுக்கு வேண்டிக்கொண்டது என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள்.

மறுநாள் நடையெல்லாம் கழிச்சல். லோகநாதன் தெருவே கேட்கக் கத்தினார்.

"இது வீடா, கக்கூஸா? நாயை விடு, இல்ல ரூமைக் காலி பண்ணு!"

"மீனைக் கொட்டினா வயிறு தாங்குமா?" என்று பக்கத்து வீட்டுத் தனம் எடுத்துக் கொடுத்தாள்.

ஜெயக்கொடி வாசற்படியில் தலையைக் குனிந்து நின்றாள். சரிதா அவளை ஒருமுறை பார்த்தாள். "காலி பண்ணிக்கிறேன் சார்" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு என்னிடம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏண்டி, உனக்கு வாயில்லையா? நான் போய்ச் சொல்றேன்."

"வேணாம் ஆயா. நாம வாயத் தொறந்து அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா? கடலுக்குப் போனவன் திரும்பணும்னு நானும் வேண்டிகினு கெடந்தவதான்."

"அப்போ நாயை விட்டுட்டு இங்கேயே இரேன்."

"அது இன்னா தப்பு பண்ணிச்சு?"

இப்போது தயாளன் எழுந்து நடமாடுகிறான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவள் புறப்பட்டதும் ஒரு சனிக்கிழமைதான். மூட்டையும் மீன்கூடையும் ஒரு கையில், நாய்க்கயிறு ஒரு கையில். ஜெயக்கொடி ஈரத்தலையோடு பால் கிண்ணத்தை ஏந்தி நடையில் நின்றாள். லோகநாதன் வாசலில் இருந்ததால் அவளால் கிட்டே வரமுடியவில்லை.

சரிதா அவளைக் கடக்கும்போது நின்றாள்.

"அக்கா, சனிக்கெழமை மார்க்கெட்ல இவளும் என் கூடத்தான் குந்திகினு இருப்பா. பால்தான் இவளுக்கு ஆவாது. சோறுன்னா தின்னுவா."

சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தாள். நெத்திலி முன்னே ஓட, அவள் பின்னே நடந்தாள்.