நுரையீரல் கட்டியைச் சுட மதுரைக்குப் போய் வந்த கதை

2008 ஐப்பசியில் என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். வலது நுரையீரலில் இரண்டரை சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சையை அவர் மூச்சு தாங்காதாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, சூட்டில் கருக்கிவிடும் சிகிச்சை மதுரையில் இருப்பதாகச் சொன்னார்கள். இதே காரியமாகக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அண்ணனுக்குப் பசுவந்தனையில் மானாவாரி நிலம். உளுந்து விதைத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் மழையில் கரிசல் செருப்போடு அப்பியது. பஸ் நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நின்று இளைத்தார். காலை ஆறு மணிக்கு டவுன் பஸ். கோவில்பட்டியில் ஏழே காலுக்கு மதுரை பஸ். நூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். சாத்தூர் தாண்டித்தான் வாய் திறந்தார்.

"ஏட்டி, உள்ள வச்சுச் சுட்டா வலிக்குமா?"

"மரத்துப்போக ஊசி போடுவாவளாம்ணே."

மறுநாள் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். "மூச்சை இழுத்து நிறுத்துங்க" என்ற குரல் வெளியே எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "கட்டி கருகிருச்சும்மா. ஆனா நுரையீரல்ல இருந்து காத்து கசியுது, குழாய் போட்டிருக்கோம்." ஒரு ராத்திரிக்கென்று துணி எடுத்துப் போனவர்கள் ஐந்து நாள் தங்கினோம்.

தை மாதம் மறு ஸ்கேன். சுட்ட இடத்தில் வெறும் தழும்பு. இடது பக்கம் புதிதாக இரண்டு புள்ளி. அதையும் சுட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நான் உடனே தலையாட்டினேன். அண்ணன் என்னைத்தான் பார்த்தார்.

"போன தடவ கையெழுத்துப் போடச் சொன்ன, போட்டேன். வேணுமான்னு கேட்டியாட்டி? இப்பமாவது கேளு."

கேட்டேன்.

"வேண்டாம். ஊருக்குப் போறேன்."

மூன்றரை மணி பஸ்ஸில் திரும்பினோம். வைகாசியில் போய்விட்டார்.

போகிறவர்கள் பழைய ஸ்கேன் படங்களை எல்லாம் கையோடு எடுத்துப்போங்கள். ஒரு வாரத்துக்குத் துணி வையுங்கள். காற்று கசிந்தால் என்ன செய்வார்கள், எப்போது பஸ் ஏறலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. சொன்ன கட்டியை அது அழித்தது. ஆனால் படுக்கப்போகிறவரிடம் முதலில் கேளுங்கள். கேட்டிருந்தாலும் அண்ணன் சரி என்றுதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்குத் தெரியாது.