கிரேனுக்கு எதிராக எட்டு நிமிடம்

விவாதம் என்பது வாயால் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள், ஒருமுறை மேஜைக்குப் பின்னால் வந்து பேசுகிறவனின் முழங்கால்களைப் பார்க்க வேண்டும். வாத்தியார் பெயர் கொடுத்துவிட்டார் என்பதற்காக மேடையேறி, மணி எப்போது அடிக்கும் என்று வேர்த்து நின்ற சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்; எனக்கு ஆட்சேபணை இல்லை.

பந்தயம்

சென்னையில் டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசிக் காலம். நான் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு. வீடு ராயபுரம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆர்பரில், அதாவது துறைமுகத்தில், கிரேன் ஓட்டுகிறவர். கிரேனுக்கு கிரீஸ் போடும் வேலை ஒன்று காலியாக இருந்தது. மேஸ்திரியிடம் சொல்லி அதை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். எனக்கோ பி.ஏ. படிக்க ஆசை.

அந்த வருஷம் அகில இந்திய மாணவர் விவாதப் போட்டி சென்னையிலேயே நடப்பதாக அறிவிப்பு வந்தது. கல்கத்தா, பம்பாயிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஒரு கல்லூரிக்கு இரண்டு பேர். எங்கள் கல்லூரிக்கு நானும், வண்ணாரப்பேட்டை கயிற்றுக்கடைக்காரர் மகன் காசிமும். விஷயத்தைச் சொன்னதும் நைனா பீடியை அணைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கப்பு வாங்கிகினு வா, பி.ஏ. படி. இல்லாங்காட்டி கிரீஸ் டப்பாவ எடுத்துகினு எங்கூட வா. அவ்ளோதான் பேச்சு."

கருவாட்டுக்கு நடுவே

வீட்டில் கத்திப் பேச இடமில்லை. அதனால் கடற்கரையில், கல் கொட்டிய கரையோரம் பயிற்சி. அலைச் சத்தத்தை மீறிக் கத்தினால்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். காசிம் 'கனம் தலைவர் அவர்களே' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் காக்கையெல்லாம் எழும்பிப் பறக்கும். நான் கையை ஓங்கி மறுப்பேன். அவன் தொடையைத் தட்டிப் பதில் சொல்வான்.

பக்கத்தில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள். இவர்கள் அடித்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார்கள், சமாதானமாகவும் மாட்டேன் என்கிறார்கள் என்று அவளுக்கு ஒரே எரிச்சல். ஐந்தாம் நாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தாள்.

"இன்னாத்துக்குப்பா தெனம் வந்து இங்கிலீசுல சண்ட போட்டுகினு கீறீங்க? ரெண்டு அடி அடிச்சுகினு ஊட்டுக்குப் போங்க. கருவாடு மேலல்லாம் எச்சி தெறிக்குது."

முதல் மணி

ஆளுக்கு எட்டு நிமிடம். ஏழாவது நிமிடம் ஒரு மணி, எட்டாவது நிமிடம் இரண்டாவது மணி. விதி தாளில் தெளிவாக அச்சடித்திருந்தது. ஆனால் எங்கள் பேட்டையில் பிறந்தவனுக்கு மணி என்றால் ஒரே அர்த்தம்தான். மில் சங்கோ ஆர்பர் மணியோ, காதில் விழுந்த கணமே கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஒருவன் வேலை செய்தால், பக்கத்து ஆளே முறைப்பான்.

முதல் சுற்றில் நான் "ஆகவே, நான் கூற வருவது" என்று சொல்லும்போது மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டேன். என்ன கூற வந்தேன் என்று அந்தச் சபைக்கு இன்றுவரை தெரியாது. பிறகு காசிமின் முறை. நான் செய்ததுதான் சரி என்று நம்பி, அவனும் மணிச் சத்தம் அடங்குவதற்குள் உட்கார்ந்தான். எதிரணி இரண்டாவது மணிக்குப் பிறகும் பேசிக்கொண்டே போய் மதிப்பெண்ணை இழந்தது, நாங்கள் ஜெயித்தோம். இறங்கி வரும்போது, மணி அடிக்கிற பேராசிரியர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, இன்னும் ஒரு நிமிஷம் இருக்குன்னுதான் அந்த மணி. நீங்க ரெண்டு பேரும் சாப்பாட்டு மணி கேட்ட மாதிரி உக்காந்துடறேளே!"

குழம்பும் கொள்கையும்

எப்படியோ இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். அதற்கு மட்டும் மூன்று நாள் முன்பே தலைப்பு கொடுத்துச் சீட்டுப் போட்டார்கள். தலைப்பு, இயந்திரம் மனிதனுக்கு நன்மையே. எங்களுக்கு விழுந்தது எதிர்த்தரப்பு. கிரேன் ஓட்டிக் காப்பாற்றுகிற நைனாவின் மகன், கிரேன் கூடாது என்று பேச வேண்டும்!

எனக்கு ஆங்கிலத்தில் யோசனை ஓடாது. முதலில் தமிழில் பேசிப் பார்த்துவிட்டுத்தான் மாற்றிக்கொள்வேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து நைனா சாப்பிட உட்காருவார். அவருக்கு எதிரே நின்று மூன்று நாளும் முழங்கினேன். "மூட்டை சுமந்த நாற்பது பேர் முதுகை வீட்டுக்கு அனுப்பியது இந்த இரும்புக் கை! மனிதன் கிரேனை ஓட்டவில்லை, கிரேன்தான் மனிதனை ஓட்டுகிறது!" நைனா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மூன்றாம் நாள், பேசிக் களைத்து நானும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"பேசுடா, பேசு. இந்த மீன் கொயம்பு கூட கிரேன் வாங்கிக் குடுத்ததுதான். அத்த அப்பால தள்ளி வெச்சுட்டுப் பேசு."

சோடா

இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நைனாவும் வந்திருந்தார்; அவருடைய கிரேன் கூட்டாளி முனுசாமி ஒரு கும்பலையே அழைத்து வந்திருந்தார். ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் எங்கள் தெருமுனைக் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: பேச்சாளர் சூடுபிடித்துத் தொண்டை கட்டும் நேரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவர் மேடையேறி சோடா கொடுப்பார். கொடுப்பது மரியாதை. மறுத்தால் தெருவுக்கே அவமானம்.

நான்காவது நிமிடம். என் குரல் உயர்ந்தது. உடனே முனுசாமி மேடையில். எல்லார் முன்னாலும் கோலியை அழுத்தி 'டப்'பென்று சோடாவை உடைத்தார். நுரை பொங்கி என் குறிப்புத் தாளெல்லாம் நனைந்தது. நான் மறுக்க முடியுமா? குடித்தேன். முழுதும் குடிக்கும்வரை புட்டிக்காக அவர் காத்து நின்றார். அதன்பின் பேச வாயைத் திறந்தால் ஏப்பம்தான் வந்தது. மணிக்காரப் பேராசிரியர் கடிகாரத்தை நிறுத்தவில்லை. ஒன்றரை நிமிடம் போயே போய்விட்டது. காசிம் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அடுத்து எதிரணியில் கல்கத்தாப் பெண் பேச எழுந்தாள். பேசுகிறவர் யாரானாலும் சோடா உண்டு என்பதால் முனுசாமி அவளுக்கும் ஒன்று கொண்டுபோனார். அவள் கெட்டிக்காரி. கும்பிட்டு வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, பேசி முடித்த பிறகு குடித்தாள். கப்பும் அவள் அணிக்கே போனது. இனி எனக்கு கிரீஸ் டப்பாதான். நடுவர் ஒருவர் முனுசாமியைக் கூப்பிட்டு, ஏன் மேடையேறினாய் என்று கோபமாகக் கேட்டதற்கு, அவர் அதைவிடக் கோபமாகப் பதில் சொன்னார்.

"புள்ளைக்குத் தொண்ட காஞ்சு போயிகினு கீது, ஒரு சோடா குடுக்காம மூணு பெரிய மன்ஷங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறீங்க?"

டிராமில்

நைனாவும் நாங்கள் இருவரும் ஒரே டிராமில் திரும்பினோம். காசிம் கையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கிப் போனான். ராயபுரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நானே முந்திக்கொண்டு, "நாளைக்கு எத்தினி மணிக்கு நைனா வரணும்?" என்று கேட்டேன்.

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். காய்ப்புக் காய்த்த கை. பிறகு, யாரிடமோ குறை சொல்வதுபோல ஆரம்பித்தார்.

"நேத்து கிரேன்ல மூட்டைய தூக்கிகினு இருந்தப்போ, நான் இத்த ஓட்டுறனா, இது என்னிய ஓட்டுதான்னு ரோசன வந்துச்சு. கொக்கி நடு ஆகாசத்துல நிக்குது, கீய மேஸ்திரி கத்துறான். இருவது வருசத்துல எனக்கு இப்டி ஆனதே இல்ல. உன்னிய ஆர்பருக்குள்ள வுட்டா ஒரு கப்பல் கெளம்பாது. நீ போய்ப் படிடா."

நடுவர்கள் மூவரில் ஒருவரைக்கூட அசைக்க முடியாமல், மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு கிரேன்காரரை மட்டும் குழப்பிவிட்டு பி.ஏ. முடித்தவன் நான்.