வாசலில் நின்று கேட்ட சொல்

மூன்று வருடங்களுக்கு முன், மொன்றியலில் வில்லரே பகுதியில் நடந்தது இது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிப்பது என் வேலை. அந்த வீட்டில் இருந்தவர் ஓர் இத்தாலியர், மேசன் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. எனக்கு முன் வந்த இரண்டு பேரும் அவருடைய கோபத்துக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். நானும் கைவிட்டால் பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டிவரும் என்று அவருடைய மகள் சொல்லியிருந்தார்.

எப்பேர்ப்பட்ட ஆளையும் அன்பால் மடக்கிவிடலாம் என்று எனக்கு ஒரு தலைக்கனம். தந்திருந்த திறப்பால் கதவைத் திறந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, "போன்ஜூர்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே நேராகப் படுக்கையறைக்குள் போய்ப் போர்வையை விலக்குவேன். எங்கள் ஆட்கள் வீட்டில் அப்படிப் போனால்தானே உரிமை! அவரோ இடது கையால் என்னைத் தள்ளுவார். ஒருநாள் தண்ணீர்க் கோப்பை சுவரில் பட்டு உடைந்தது.

"பேசாமல் வேற வீடு கேளுங்கோவன்" என்றாள் மனைவி.

"ஓம், வெள்ளிக்கிழமையோட நிப்பாட்டப் போறன்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் வந்திருந்தார். அறைக்கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் வாசலில் நின்று "பெர்மேசோ" என்றார். தகப்பன் தலையசைத்த பிறகே உள்ளே போனார். பெற்ற மகளுக்கு எதற்கு இந்தச் சடங்கு என்று கேட்டுவிட்டேன்.

இத்தாலிய மொழியில் அனுமதி என்று அர்த்தமாம். வேலையில் எடுக்கும் லீவுக்கும், அந்நிய நாட்டவர் தங்கத் தரும் பத்திரத்துக்கும் அதே சொல்தான். வா என்று கூப்பிட்டிருந்தாலும், அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்குமுன் அதைச் சொல்வது அவர்கள் வழக்கம். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அறைவாசலிலும் கேட்கத் தொடங்கினேன் என்றார் மகள். அகதியாக வந்து, அப்படியொரு பத்திரத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்தவன் நான். முகம் செத்துப்போனது.

வேலையை விடவில்லை. திங்கட்கிழமை வாசலில் நின்று "பெர்மேசோ" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை. பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, வா என்று காட்டினார். போர்வையையும் அவரே விலக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்றும் அவரிடம் போகிறேன். சில நாட்களில் வேண்டாம் என்று கையசைப்பார், வெளியே வந்து குசினியில் அடுப்பருகே காத்திருப்பேன். பேச்சையும் வலது கையையும் நோய் கொண்டுபோனது, மிஞ்சியிருந்த அந்த 'வேண்டாம்' ஒன்றையும் அவரிடமிருந்து பறித்தவன் நான்தான் என்று நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.