தலையணை மேல் வைத்த கை

"கையைத் தலைக்கு மேல் கொண்டு போங்கள்" என்றாள் டெக்னீஷியன் பெண். கதிர்வீச்சுக்கு அளவெடுக்கும் ஸ்கேன் மேசையில் மல்லாந்து கிடந்தேன். இடது கை போனது. வலது கை தோள் உயரத்தைக்கூட எட்டவில்லை. அவள் மெதுவாகத் தள்ளிப் பார்த்தாள். அலறிவிட்டேன்.

டாக்டர் வந்தார். மதுரைக்காரர்.

"கை மேல போகலைன்னா கதிர் விழற இடத்துல குறுக்க வரும்மா. ரெண்டு வாரம் டைம் தர்றேன். அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது."

கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்து) முடித்து, வலது மார்பையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் (திசுக்களில் ஊறும் நீரை வடிகட்டும் சிறு கணுக்கள்) எடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நோயின் மிச்சத்தை அழிக்கத்தான் இந்தக் கதிர்வீச்சு. அதை வாங்கிக்கொள்ள என் கையே தடையாக நின்றது.

உங்களுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தால் இப்போதே கேளுங்கள்: எந்த நாளிலிருந்து கையை அசைக்க வேண்டும், எப்படி? வாயால் சொன்னால் விடாதீர்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அந்த ஆறு வாரமும் என் கை தலையணை மேல்தான் இருந்தது. எங்களுக்குச் சொந்த ஊர் தொண்டி. பிழைக்க வந்த அரபு நாட்டில், தேராவில் எங்கள் தெருவில் மட்டும் ஊர்க்காரக் குடும்பங்கள் ஏழெட்டு. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முறை வைத்துச் சோறு வரும். ஒருத்தி குழம்பு கொண்டுவந்தால் மறுநாள் இன்னொருத்தி இரண்டு குழம்போடு வருவாள். கூடவே தடையுத்தரவும் வரும்.

"ராத்தா, கைய அசைச்சுராதிய. நீர் கட்டிக்கிரும்" என்பாள் பக்கத்து ஃப்ளாட் சபீனா. லிம்ஃபடீமாவை (நிணநீர் தேங்கிக் கை வீங்குவது) நினைத்து எல்லாருக்கும் பயம். என் தலையைக்கூட அவர்கள்தான் துவட்டினார்கள். நானும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

தொழுகை தொடங்கும்போது தக்பீருக்கு இரு கைகளையும் உயர்த்த வேண்டும். என் வலது கை நெஞ்சோடு நின்றது. நோயாளிக்குத்தான் சலுகை உண்டே என்று நாற்காலியில் உட்கார்ந்து, முடிந்தவரை தூக்கித் தொழுதேன். தினம் ஐந்து வேளை என் கை எனக்கு எச்சரிக்கை கொடுத்தது. ஐந்து வேளையும் அதைச் சலுகைக் கணக்கில் தள்ளிவிட்டேன். அல்லாஹ் மன்னிப்பான். தோள்மூட்டு மன்னிக்கவில்லை.

மதுரை டாக்டர் அன்றே ஃபிசியோதெரபிக்கு (இயன்முறை சிகிச்சை) அனுப்பினார். அங்கிருந்த மலையாளிப் பெண் என் அக்குளைத் தொட்டுப் பார்த்தாள். தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று முறுக்கிக்கொண்டு நின்றது. "டிஸ்சார்ஜ் ஃபைல்ல ஒரு பேப்பர் இருந்திருக்குமே சேச்சி, படம் போட்டு?" என்றாள். கூட வந்திருந்த மச்சானைப் பார்த்தேன். என் கணவர் துணிக்கடையில் ஸ்டாக் பார்ப்பவர், ஒரு சீட்டையும் தொலைக்காதவர். அவர் தரையைப் பார்த்தார்.

தாள் வீட்டில்தான் இருந்தது. ஃபைலின் கடைசி உறையில், படம் உள்பக்கமாகத் திரும்பி. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அரபி. படத்தில் கையில்லாத பனியன் போட்ட ஒரு பெண் சுவரோரம் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முதல் பயிற்சிக்குக் கீழே, ஆபரேஷனுக்கு மறுநாள் தொடங்கவும் என்று எழுதியிருந்தது.

"வர்றவங்க போறவங்கள்லாம் ஃபைலப் புரட்டுறாங்க. படம் ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் திருப்பி வச்சேன்" என்றார்.

"என் மார அறுத்தத ஊருக்கே போன் போட்டுச் சொன்னிய. அதுல வராத வெக்கம் இந்தப் படத்துல வந்துருச்சா?" என்று கத்தினேன். அவர் அழுதார். நான் தேற்றவில்லை. தேற்றியிருக்கலாம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அவர் ஒளித்தது ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்ததைத்தான். கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? எத்தனை தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்! இந்த ஒரு தாளை மட்டும் வாய் திறக்காமல் ஃபைலுக்குள் செருகிவிட்டுப் போனார்கள். ஒரு நிமிடம் யாராவது கட்டிலருகே நின்று கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும்.

இரண்டு வாரம் சமையலறைச் சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றினேன். மச்சான் டைல்ஸில் பென்சிலால் கோடு போட்டார். முதல் நாள் நான்காவது டைல். ஒரு வாரத்தில் ஐந்தைத் தாண்டவில்லை. வலியில் அவரை ஏசினேன், சபீனாவை ஏசினேன், குழம்புகளை ஏசினேன். பதின்மூன்றாம் நாள் எட்டாவது டைல். மறுநாள் அதே மேசையில் கை தலைக்கு மேல் போனது.

கதிர்வீச்சு முடிந்த நாளில் டாக்டரிடம் கேட்டேன். "ஆபரேஷனுக்கு முன்னாடியே எல்லாருக்கும் செஞ்சு காட்டினா என்ன டாக்டர்?"

"பிரச்சினை வந்தா ஃபிசியோவுக்கு அனுப்புவோம்மா. அதான் வழக்கம்."

"பிரச்சினை வர்ற வரைக்கும் காத்திருக்கிறதுக்குப் பேரு வழக்கமா?"

"நியாயம்தான்" என்றார். நியாயம் என்று ஒப்புக்கொண்டவரிடம் மேற்கொண்டு சண்டை போடவும் முடியவில்லை.

இப்போது என் நாள் சுவரோரம்தான் தொடங்குகிறது. அதிகாலை ஃபஜ்ர் தொழுது முடித்ததும் பதினைந்து நிமிடம். இரண்டு நாள் விட்டால் கை ஒரு டைல் இறங்கிவிடும். முன்பெல்லாம் கை என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. இப்போது தினமும் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. குணமாகிவிட்டதா என்று கேட்பவர்களிடம், இன்று எட்டாவது டைல் என்கிறேன்.

போன மாதம் மூன்றாவது மாடியில் இருக்கும் நாகூர்க்காரப் பெண்ணுக்கு அதே ஆபரேஷன். வீடு திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. நான் குழம்பு கொண்டுபோகவில்லை. அவள் சோபாவில் சாய்ந்திருந்தாள். வலது கை பூப்போட்ட தலையணை மேல் இருந்தது. சபீனா பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஃபைல எடுங்க" என்றேன்.

அவள் கணவர் கொண்டுவந்தார். நேராகக் கடைசி உறைக்குப் போனேன். தாள் அங்கேதான் இருந்தது. திருப்பி வைத்து.

அதை உருவி, படம் எல்லாருக்கும் தெரியும்படி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். பிறகு போய் அவள் கைக்கடியிலிருந்து தலையணையை எடுத்தேன்.