நோட்டீஸ் மாட்டிக்கொண்ட சனிக்கிழமை

எங்கள் கட்டடத்தில் அவருக்கு நோட்டீஸ் என்று பெயர். பன்னிரண்டு வீடுகளிலும் அந்தப் பெயர் தெரியாத ஒரே ஆள் அவர்தான். அவர் மனைவிக்குக்கூடத் தெரியும். "என்ன, நோட்டீஸ் ஆபீஸ் கிளம்பியாச்சா?" என்று கீழ்வீட்டில் கேட்டால், "கிளம்பிச்சு, குடைய மறந்து திரும்பி வந்துச்சு, இப்பத்தான் மறுபடி கிளம்பிச்சு" என்று அந்த அம்மாள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பதில் சொல்வார்.

வயது ஐம்பத்து மூன்று. ஒரு பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை. வண்டி நிற்கவில்லை, நடத்துநர் முறைத்தார், இருக்கையில் ஆணி என்று ஊரார் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்; உரிய கவனம் செலுத்தப்படும்" என்று பதில் போடுவது அவர் கடமை. நாள் முழுக்க மற்றவர்கள் புகாரை மென்று விழுங்கிவிட்டு வரும் மனிதன், வீட்டுக்கு வந்ததும் தன் பங்குக்கு நாலு புகார் எழுதாமல் எப்படி இருப்பான்? எழுதுவார். தடித்த எழுத்தில் அச்செடுத்து, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி பிளாஸ்டிக் உறை போட்டு, மாடிப்படிச் சுவரில் நாலு மூலையும் ஒட்டுவார்.

"படிக்கட்டில் மூவருக்கு மேல் நின்று பேசுவது பிறர் நடமாட்டத்துக்கு இடையூறு." "பத்தாம் எண்ணின் கவனத்துக்கு: நாற்காலியைத் தூக்கி வைக்கவும். இழுக்க வேண்டாம்." பத்தாம் எண் நான்தான். அவர் தலைக்கு நேர் மேலே இருக்கிறேன். அந்த நோட்டீஸைப் படித்த நாளிலிருந்து என் வீட்டில் உட்காருவதற்கே பயமாகிவிட்டது.

அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு எதிர்வீடான ஏழாம் எண். "ஏழாம் எண்ணின் செருப்பு அலமாரி பொதுவழிக்குள் நான்கு அங்குலம் நீண்டுள்ளது. அளந்து பார்க்கப்பட்டது." அதன் கீழே யாரோ பென்சிலால் 'உரிய கவனம் செலுத்தப்படும்' என்று எழுதிவைத்தார்கள். அந்தக் கையெழுத்து யாருடையது என்று கண்டுபிடிக்க அவர் இரண்டு வாரம் அலைந்தார். ஏழாம் எண்ணில் இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி. நாற்பத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். கட்டடம் முழுக்க அவரை டீச்சர் என்று கூப்பிடும். நாற்சந்தி நடுவில் இன்ஜினை அணைத்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் பதறாத ஒரு குரல் அவருக்கு வந்துவிட்டது.

இத்தனைக்கும் நோட்டீஸ், தன்னை அக்கம்பக்கத்து உறவுக்காக ஏங்கும் ஜீவனாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் விசேஷம். "இப்பல்லாம் பக்கத்து வீட்ல யார் இருக்காங்கன்னே தெரியாம வாழறோம்" என்று பெருமூச்சு விடுவார். தான் பிறந்து வளர்ந்த பழைய குடியிருப்பைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எட்டு வீடு, ஒரே குழாய். கதவு சாத்தியதே கிடையாதாம். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் எட்டு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்களாம்.

"அப்ப தினமும் எட்டு வீட்லயும் சாப்பாடு லேட்டாப்பா?" என்று அவர் மகள் பத்து வயதிலேயே கேட்டிருக்கிறாள்.

வருடத்துக்கு வருடம் அந்தக் கதை வளர்ந்தது. முதலில், காய்ச்சலில் கிடந்தபோது எதிர் வீட்டு அம்மாள் ஒரு பிஸ்கட் கொடுத்தார் என்றுதான் இருந்தது. பிறகு அது பிஸ்கட் பொட்டலம் ஆயிற்று. ஐம்பது வயதைத் தாண்டியதும், எட்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்து அவரை மடியில் கிடத்திப் பார்த்துக்கொண்டார்கள் என்று முடிந்தது.

மகள் வெளியூருக்குப் படிக்கப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் கிளம்பிப் போன அந்த மாதத்தில் மட்டும் ஒன்பது நோட்டீஸ். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "பேச ஆள் இல்ல, சுவரோட பேசறாரு. நான் பகல் பூரா ஊசி குத்திட்டு வந்து சோபால சாஞ்சா, என் காதுல என்ன விழும், சொல்லுங்க."

கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. ஒத்துக்கொள்ள மாட்டார். செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "எழுத்தச் சின்னதாக்கிட்டானுங்க" என்பார். கண்ணாடி போட்டால் வயசான தோற்றம் வந்துவிடும் என்று பயம். முன்பக்கத்து வழுக்கையும் தொப்பையும் மட்டும் இளமையின் அடையாளம்போல.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை, மனைவிக்கு இல்லை. காலை பத்து மணிக்குக் குளிக்கப் போனவர், வீட்டில் வேறு ஆளே இல்லாதபோதும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். அது ஒழுக்கம் சார்ந்த விஷயம். குளித்து முடித்து, துண்டைக் கட்டிக்கொண்டு பூட்டைத் திருகினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கதவு அப்படியே நின்றது.

முதல் அரை மணி நேரம் அவர் கத்தவில்லை. கத்துவது நாகரிகமில்லையே. கைப்பிடியைத் திரும்பப் பொருத்திப் பார்த்தார். கதவைத் தோளால் இடித்தார், தோள்தான் வலித்தது. வெளியே கூடத்தில் செல்போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு ஸ்டூல் மேல் ஏறி, மேலே இருந்த சின்ன ஜன்னலைத் திறந்தார். அதற்கு எதிரே, ஒன்றரைக் கை தூரத்தில், ஏழாம் எண்ணின் குளியலறை ஜன்னல். யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது? ஒன்பது வருடமாக அந்தப் பெண்மணியோடு அவர் பேசியதெல்லாம் சுவர் வழியாகத்தான்.

"ஏழாம் நம்பர்!" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஏழாம் நம்பர்!"

எதிர் ஜன்னல் திறந்தது. "யாரது?"

"எட்டாம் நம்பர்."

"என்ன சார், எங்க வீட்டுத் தண்ணி சத்தமும் கேக்குதா உங்களுக்கு?"

"அதில்லம்மா. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். கைப்பிடி உடைஞ்சு போச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை. "பதறாதீங்க சார். மூச்ச நல்லா இழுத்து விடுங்க. ஸ்டூல விட்டு இறங்கி நில்லுங்க, வழுக்கிடப் போகுது" என்றார். பிறகு போனை எடுத்து யாரையோ அழைத்தார். அந்த யாரோ நான்தான். ஜன்னலை மூட மறந்துவிட்டதால், அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் எதிர்ப்பக்கமும் போயிற்று: "நோட்டீஸ் பாத்ரூம்ல மாட்டிக்கிச்சு. ஸ்க்ரூ டிரைவர் இருந்தா எடுத்துட்டு வாங்க."

எதிர் ஜன்னலிலிருந்து ஈனமான ஒரு குரல்: "யாரும்மா அது, நோட்டீஸ்?"

நான் இறங்கிப் போவதற்குள் சேதி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. அவர் வீட்டு வாசல் கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று உள்ளே இரண்டு தாழ்ப்பாள் போட்டிருந்தார். மனைவியிடம் சாவி இருந்தும் பயனில்லை. போனில் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள், "உள்ள தண்ணி வருதில்ல? அப்ப ஒண்ணும் ஆகாது. நான் மூணு மணிக்கு வரேன்" என்று வைத்துவிட்டார். தச்சரைக் கேட்டால் சாயங்காலம் என்றார். ஆக, அவரே உள்ளிருந்து கழற்றிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

படிக்கட்டில் பதினொரு பேர் கூடிவிட்டோம். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், இழுத்துக்கொண்டேதான் கொண்டுவந்தார்கள். யாரோ டீ போட்டார்கள். செருப்பு அலமாரி மேல் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். அந்தப் படிக்கட்டில் அவ்வளவு சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

முதல் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா டீச்சர் வீட்டுக் குளியலறைக்குள் போய் ஜன்னலில் முகத்தை வைத்தார். "தம்பி, காலைல பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். நான் மாத்திர சாப்பிடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க. உங்க மருந்துப் பொட்டலத்த மாசாமாசம் வாங்கி வைக்கிறது யாரு? கடைக்காரன் வர்ற நேரத்துல உங்க வீட்ல யாரும் இருக்கறதில்ல. ஆறு வருஷமா நான்தான் வாங்கி உங்க சம்சாரத்துகிட்ட கொடுக்கறேன்."



டீச்சர் ஒரு துடைப்பக் கம்பின் நுனியில் ஸ்க்ரூ டிரைவரை நூலால் கட்டினார். நான் கம்பைப் பிடித்து ஜன்னலுக்கு ஜன்னல் நீட்டினேன். எதிரே சோப்பு வாசனையோடு ஒரு கை வந்து எடுத்துக்கொண்டது. ஐந்து நிமிடம் சுரண்டும் சத்தம். பிறகு, "ஸ்க்ரூவே தெரியல" என்றது குரல். "அங்க வெளிச்சம் போதல."

"லைட் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப வெளிச்சம் இல்ல சார் பிரச்சினை" என்று டீச்சர் தன் கண்ணாடியைக் கழற்றி அதே கம்பில் மாட்டினார். ரோஜா நிறச் சட்டம், ஓரத்தில் சின்னதாக மினுக்குக் கல். அது எதிரே போய்ச் சேர்ந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று நர்ஸம்மா எழுந்தே விட்டார். பின்னால் நோட்டீஸே என்னிடம் சொன்னார்: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாராம், எதிரே சுவர்க் கண்ணாடியில் அவர் அப்பா நின்றுகொண்டிருந்தாராம், ரோஜா நிறச் சட்டத்தோடு. மூன்று வருடமாக மங்கலாகப் பார்த்துச் சமாளித்து வந்த முகம், ஒவ்வொரு கோடும் எண்ணும்படி எதிரே நின்றதாம்.

"சார், என்னாச்சு?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல. தெரியுது."

"சரி. மேல இடப்பக்க ஸ்க்ரூல ஆரம்பிங்க. அவசரமே வேணாம். உங்க பொண்ணும் இப்படித்தான், முதல் நாள் கியரப் பிடிச்சுட்டு அழுதா. அப்புறம் எவ்வளவு நல்லா ஓட்டினா!"

சுரண்டும் சத்தம் நின்றது. "என் பொண்ணு கார் ஓட்டுவாளா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கம்பைப் பார்த்தேன்.

"போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் எங்கிட்டதான் கத்துக்கிட்டா சார். லைசென்ஸே வாங்கிட்டா. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல. ஞாயித்துக்கிழமைல எனக்கு போன் பண்ணுவா. அப்பா நல்லாருக்காரா, புதுசா ஏதாவது ஒட்டியிருக்காரான்னு கேப்பா."

சுரண்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. நாலாவது ஸ்க்ரூ கழன்று தகடு விழுந்ததும், பூட்டின் நாக்கைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். துண்டோடு, கண்ணாடியோடு நேராக வந்து வாசல் தாழ்ப்பாள் இரண்டையும் நீக்கினார். பதினொரு பேரும் எழுந்து நின்றோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்க தோஷம், "படிக்கட்டுல மூணு பேருக்கு மேல…" என்றுதான் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இதோடு அவர் திருந்தி நல்ல அண்டை வீட்டுக்காரராகிவிட்டார் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆகத்தான் செய்தார், அதுதான் எங்களுக்கு வினை. மறுநாள் தொடங்கி காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி நலம் விசாரித்தார். நர்ஸம்மாவுக்குக் காய் வாங்கித் தருகிறேன் என்று போய், மூன்று கிலோ முள்ளங்கியோடு வந்தார். என் வீட்டு நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் மாட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் பழைய குடியிருப்பைப் பற்றிப் பேசினார். ஒரு மாதத்தில், அவர் காலடிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் உட்கார ஆரம்பித்தோம். டீச்சர் மட்டும் கதவைத் திறந்து, "இன்னிக்கு பத்து நிமிஷம்தான் சார், மாணவி வந்துடுவா" என்று வரம்பு கட்டிப் பேசினார். நோட்டீஸுக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

விடுமுறைக்கு மகள் வந்தாள். டீச்சரின் காரைக் கேட்டு வாங்கி, அப்பாவை முன்னால் உட்காரவைத்து, அவருடைய அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அந்தப் பழைய குடியிருப்பைப் பார்க்கக் கூட்டிப் போனாள். பின் இருக்கையில் ஓர் இடம் இருந்ததால் நானும் போனேன். வழி முழுக்க அவர் தன் பக்கத்தில் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டே வந்தார். அது டீச்சர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் காராயிற்றே, அவர் பக்கத்திலும் உண்மையாகவே ஒரு பிரேக் இருந்தது. மூன்று முறை நடுச்சாலையில் நின்றோம்.

குடியிருப்பு இருந்த இடத்தில் இப்போது வாகன நிறுத்துமிடம். வெள்ளைக் கோடு போட்ட தரை. அவர் இறங்கிச் சுற்றிச் சுற்றி வந்தார். "எட்டு வீடும் ஒரே குடும்பம் மாதிரி" என்று ஆரம்பித்தார்.

எழுபதை நெருங்கும் அக்கா காரில் சாய்ந்து நின்றார். "யாரு சொன்னா? குழாய்ச் சண்டைல எதிர் வீட்டுக்காரி வாளிய வீசினா. உன் புருவத்துல இருக்கே தழும்பு, அது எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

"வாசப்படில விழுந்தேன்."

"அது அம்மா சொன்னது. அப்பா அந்த எட்டு வீட்ல ஆறு வீட்டோட பேசமாட்டாரு. மீதி ரெண்டு வீடு அவரோட பேசாது."

அவர் புருவத்தைத் தடவிக்கொண்டார். "அப்ப அந்த பிஸ்கட்?"

"பிஸ்கட் உண்மைதான்" என்றார் அக்கா. "வாளி வீசினவதான் கொடுத்தா. அடுத்த வாரம். நீ காய்ச்சல்ல கிடந்தே."

"எனக்கும் அடிக்கடி இந்த இடம்தாண்டா கனவுல வருது" என்றார் அக்கா. "கனவுலயும் குழாயடில வரிசை நிக்குது. என் முறை வரதுக்குள்ள முழிப்பு வந்துடுது."

சீருடை போட்ட காவலர் ஒருவர் வந்து, ஒரே வண்டி இரண்டு வண்டிக்கு உண்டான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, நகர்த்துங்கள் என்றார். நோட்டீஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டார். மகள் வண்டியில் ஏறினாள். அவர் பின்னால் போய் நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஆட்டி, "வா… வா… இன்னும் கொஞ்சம்… போதும், போதும்" என்று அவளுக்கு வழி சொல்லத் தொடங்கினார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்து, ஒரே வளைவில் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள்.