வானதி எழுதிய இலக்கணத் தாள்

பிளஸ் டூ முடித்த கையோடு வானதிக்குக் கல்யாணம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் வயலும் வாழ்வுமாக இருந்தவள், மகள் கல்லூரிக்குப் போன பிறகு தானும் கரஸ்பாண்டன்ஸில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாள். கதை, கவிதை எல்லாம் தேறிவிட்டாள். இலக்கணத் தாள்தான் காலை வாரிவிட்டது. ஜெரண்ட் தொடர், பார்டிசிபிள் தொடர், இன்ஃபினிட்டிவ் தொடர் என்று மூன்று. முதல் இரண்டிலும் வினைச்சொல்லின் வாலில் ஒரே ‘இங்’ (ing). பிரிக்கச் சொன்னால் முழிப்பாள்.

மறுதேர்வு நெருங்கிய நேரம் பார்த்து ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நடவும் தொடங்கிவிட்டது. நடவுக்கு ஆள் போதவில்லை. வானதியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். கை நாற்றை ஊன்ற, வாய் இலக்கணத்தை முணுமுணுத்தது.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சாவித்திரி இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். “நடுறதைக்கூடப் பொறுத்துக்கலாம்க்கா. தண்ணியில நிக்கிறதுதான் கஷ்டம்.”

வானதியின் கை அப்படியே நின்றது. “இன்னொரு தடவ சொல்லு.”

“தண்ணியில நிக்கிறது கஷ்டம்னேன். ஏன், தப்பா?”

“நிக்கிறதுங்கறது ஒரு வேலையோட பேரு. அப்ப அது ஜெரண்ட்! தண்ணியில நிக்கிற பொம்பளைங்கன்னா, எந்தப் பொம்பளைங்கன்னு காட்டுது. அது பார்டிசிபிள். தண்ணியில நிக்க யாருக்குப் பிடிக்கும்? அது இன்ஃபினிட்டிவ்! இங்கிலீஷ்ல முதல் ரெண்டும் ‘ஸ்டேண்டிங் இன் வாட்டர்’தான்டி. வாலைப் பாத்து ஏமாந்துட்டேன். அது என்ன வேலை செய்யுதுன்னுல்ல பாக்கணும்!”

“அதெல்லாம் சரி, உங்க கையில இருக்கற நாத்து என்ன வேலை செய்யுது?” என்றாள் சாவித்திரி. வயலே சிரித்தது.

அன்று மதியம் கணவர் கோவிந்தராசு மாட்டிக்கொண்டார்.

“சாப்பிடுறது எப்போ?”

“ஜெரண்ட்.”

“பசியோட வந்த மனுஷனை...”

“பார்டிசிபிள்.”

“சோறு போட மனசு வரலையா?”

“இன்ஃபினிட்டிவ்!” என்று சொல்லிக்கொண்டே தட்டை வைத்தாள்.

தஞ்சாவூரில் போய்த் தேர்வு எழுதினாள். உரக்கடையில் நிற்கும்போது முடிவு வந்தது. போனைப் பார்த்தவள் போட்ட சத்தத்தில், கடைக்காரர் ஜாஃபர் சாதிக் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். அவள் தேறிய விஷயம் தெரிந்ததும் கடையில் நின்ற எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயங்காலம் கோவிந்தராசு சிங்கப்பூரில் இருக்கும் தம்பி செழியனைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னார்.

“அப்படியா? அண்ணிகிட்ட போனைக் குடுங்க. இங்கிலீஷ்ல பேசட்டும், கேப்போம்!” என்றான் அவன்.

வானதி போனை வாங்கினாள். தயங்கித் தயங்கி ஆரம்பித்தவள், நடவு, மழை, கன்று போட்ட மாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். கோவிந்தராசுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் போனைத் திருப்பிக் கேட்காமல், ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டார்.