வாளை விற்று வாங்கிய எருது

நாற்பத்து மூன்று வயதில் நான் கொம்பியூட்டர் கேம் விளையாடத் தொடங்கினேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என் வயதை ஒருமுறை திருப்பிக் கேட்பார்கள். பிறகு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். அதனால் முழுவதையும் யாருக்கும் சொன்னதில்லை.

அப்போது நான் திருகோணமலையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக். சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். கப்பல்கள் குறைவு, படிவங்கள் கூடுதல். நாலரைக்குக் கந்தோர் மூடினால் இரண்டு இடத்தில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, உட்துறைமுகப் பக்கத்து ஒழுங்கையிலிருந்த வீட்டுக்கு ஐந்தரைக்குள் வந்துவிடுவேன். கலியாணம் முடிக்கவில்லை. பொழுதுபட்ட பிறகு வெளியே போக ஒரு காரணமும் இல்லை. காரணம் இருந்தவர்களும் போகவில்லை.

கந்தோரில் புதுக் கொம்பியூட்டர் எடுத்தபோது பழையதை எனக்குத் தந்தார்கள். அதற்குள் யாரோ ஒரு கேமை ஏற்றி வைத்திருந்தார்கள். எங்கேயும் இல்லாத ஒரு நாடு. மலை, ஆறு, குகை, மந்திரவாதிகள், தளபதிகள். அந்த நாட்டு ராசாவை யாரோ கொன்றுவிட்டார்கள், யார் என்று கடைசியில்தான் தெரியும். அங்கே நமக்கென்று ஓர் ஆளை உருவாக்கி நடத்த வேண்டும். தொடக்கத்தில் அந்த ஆள் ஒன்றுக்கும் உதவாதவன். யாராவது ஒரு மந்திரவாதி பத்து வேர் பிடுங்கி வரச் சொல்வார். பிடுங்கிக் கொடுத்தால் ஆளுக்குக் கொஞ்சம் பலம் கூடும். பகலில் கப்டன்மாருக்கு எடுபிடி, பின்னேரம் மந்திரவாதிக்கு எடுபிடி. ஆனால் மந்திரவாதி சொன்னதைச் செய்தால் ஏதோ ஒன்று நிச்சயமாகக் கூடியது. அந்த வருஷங்களில் எனக்குத் தெரிந்து வேறு எதுவும் அப்படி நடக்கவில்லை.

அந்தக் கேம் விலைக்கு வாங்காத களவுக் கொப்பி. ஆளை விட்ட இடத்தை ஒரே ஒரு முறைதான் அது நினைவில் வைத்திருக்கும். புதிதாகச் சேமித்தால் பழையது அழிந்துபோகும். தனியாக விளையாடுகிறவனுக்கு அது போதும்.

அடுத்த வருஷம், சம்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கச்சியும் அவள் புருஷனும் என் வாசலில் வந்து நின்றார்கள். ஊரைவிட்டு வெளிக்கிட்டு, வாகரை, மட்டக்களப்பு என்று எட்டு மாதம் அலைந்துவிட்டு வந்திருந்தார்கள். கையில் இரண்டு பை. அவரோடு நான் ஒன்பது வருஷமாகக் கதைப்பதில்லை.

பிழை என்னுடையது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் நான்தான் பெரிய மனுஷன். அவர் பெண் கேட்டு வந்து விறாந்தையில் இருந்தபோது, நான் குசினிக்குள் நின்று தங்கச்சியிடம், "மாட்டுக்குப் பின்னால திரியிறவனுக்குக் குடுக்கவோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்றேன். என் குரல் விறாந்தை வரைக்கும் போகிற குரல். அவர் எழும்பிப் போனார். பிறகு இரண்டு பேரும் எனக்குச் சொல்லாமல் பதிவுக் கலியாணம் செய்துகொண்டார்கள்.

வீட்டில் புதிதாகத் தங்குகிறவர்களைப் பொலிசில் பதிய வேண்டும். படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் 'மச்சான்' என்று எழுதினேன். கேட்டது படிவம் என்பதால் எழுதினேன்.

வீட்டில் எல்லாக் கதையும் தங்கச்சி வழியாகத்தான் போனது. மச்சான் என்னிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு அவளிடம், "அண்ணாவிட்டச் சொல்லு, கிணத்து வாளிக் கயிறு அறுந்துபோச்சு" என்பார். நானும் அவளிடம், "நாளைக்கு வாங்கியாறன் எண்டு சொல்லு" என்பேன். அவள் இரண்டையும் யாருக்கும் திருப்பிச் சொல்வதில்லை. சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

ஒரு பின்னேரம் கேமைத் திறந்தேன். என் ஆளை நான் விட்டது ஒரு குகை வாசலில். அவன் இப்போது ஆற்றங்கரையில் நின்றான். பக்கத்தில் ஓர் எருது. இடுப்பில் வாள் இல்லை. அந்த வாளுக்காக மூன்று கிழமை அலைந்திருக்கிறேன்.

தங்கச்சியைக் கூப்பிட்டேன். "வாளை வித்திட்டு மாடு வாங்கியிருக்கிறார். ஏன் எண்டு கேள்."

விறாந்தையிலிருந்து பதில் வந்தது, அவளுக்குத்தான். "அண்ணாவிட்டச் சொல்லு, அந்தாளில அவ்வளவு பாரம் ஏத்தினால் ஓட ஏலாது. பாவம், இழுத்து இழுத்து நடக்கிறான். சாமானை எருதில ஏத்தி விட்டிருக்கிறன்."

ஆளை நடத்திப் பார்த்தேன். ஓடினான். இவ்வளவு நாளும் அவன் ஊர்ந்துகொண்டிருந்ததை, கேமின் வேகமே அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு பகலில் அவர், பின்னேரத்தில் நான். இப்படித்தான் விளையாடுவது என்று யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அவருக்கு வேலையில்லை, பகல் நீளம். அவர் பொறுமையாக மூலிகை சேர்ப்பார், எருதுக்குப் புல் பார்ப்பார், வழிகளைப் பழகுவார். நான் வந்து சண்டை பிடிப்பேன். கேம் இங்கிலிஷில் இருந்தது. அவருக்கு இங்கிலிஷ் வாசிக்க வராது. யாராவது பேசத் தொடங்கினால் ஆளைப் பேசுகிறவர் முன்னாலேயே நிறுத்திவிட்டுப் போய்விடுவார். நான் வந்து பார்க்கும்போது ஒரு கிழவியோ காவற்காரனோ காலையிலிருந்து வாய் திறந்தபடி நிற்பார்கள்.

அவர்கள் சொன்னதை ஒரு கடதாசியில் எழுதி கீபோர்ட்டுக்குக் கீழே வைத்தேன். 'பாலத்துக்கு அங்கால போகவேண்டாமாம். ஓநாய் இருக்காம்.' ஒன்பது வருஷத்தில் நான் அவருக்குச் சொன்ன முதல் வசனம் அது. அடுத்த நாள் கீழே அழகான எழுத்தில் பதில் இருந்தது. 'போய்ப் பார்த்தனான். நாலு ஓநாய். எருதுக்குக் காயம், மருந்து வைச்சிருக்கு. இரண்டு நாள் நடத்தவேண்டாம்.' என் எழுத்தைவிட அவருடைய எழுத்து நன்றாக இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எருதை இரண்டு நாள் நடத்தவில்லை.

மூன்று மாதம் போனது. ஒருநாள் கடதாசியில், 'எருதைக் குகைக்குள்ள கொண்டுபோகவேண்டாம்' என்று இருந்தது. குகைக்குள் சாமான் நிறையக் கிடந்தது. ஆள் தனியாக எவ்வளவு தூக்குவான்? எருதையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது வளைவில் ஏதோ ஒரு மிருகம் பாய்ந்தது. நான் அதைக் கொன்றேன். அதற்குள் எருது விழுந்துவிட்டது. குகையை விட்டு வெளியே வந்ததும் கேம் தானாகவே சேமித்துக்கொண்டது. திரும்பிப் போக வழியில்லை.

கடதாசியை எடுத்தேன். எழுதவில்லை. குசினிக்குப் போய்த் தங்கச்சியிடம், "அவரிட்டச் சொல்லு" என்று தொடங்கினேன்.

அவள் கேட்டுவிட்டு, "இதை நான் சொல்ல ஏலாது. நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

விறாந்தையில் அவர் கதிரையில் இருந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிரில் போய் நின்றேன்.

"எருது செத்துப்போச்சு," என்றேன். "நீங்கள் வேண்டாம் எண்டு எழுதியிருந்தனீங்கள். நான்தான் கொண்டுபோனனான்."

அவர் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "சாமான்?" என்றார்.

"எடுத்தாச்சு."

"ம்."

உள்ளே போகலாம் என்று திரும்பினேன். அவர் கதைக்கத் தொடங்கினார்.

"வெளிக்கிட்ட அண்டைக்கு எல்லாத்தையும் அவிட்டு விட்டனான். முப்பத்தி நாலு மாடு. கட்டியிருந்தால் செத்துப்போகும். எல்லாம் போயிட்டுது. ஒரு பசு மட்டும் போகேல்லை. ஈச்சிலம்பற்று வரைக்கும் பின்னால வந்தது. அங்க சனத்துக்குள்ள காணேல்லை."

அவருக்கு மாடுகள் இருந்தன என்பது எனக்குத் தெரியும். எத்தனை, அவை என்ன ஆயின என்று இத்தனை மாதத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கேமில் செத்த எருதுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன்.

"அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டு சொன்ன கதை பிழை," என்றேன்.

"ஓம்," என்றார். "பிழைதான்."

வேறு எருது வாங்குவோமா என்று கேட்டேன். இப்போது வேண்டாம், முதலில் ஆளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். உள்ளே போய் முதல்முறையாக இரண்டு பேரும் ஒன்றாகத் திரைக்கு முன்னால் இருந்தோம். நான் வாசித்துச் சொன்னேன். மவுஸ் அவர் கையில். என்னைவிட நன்றாகத்தான் நடத்தினார்.

கேமை நாங்கள் முடிக்கவில்லை. ஒரு மாரி மழையில் இடி விழுந்து கொம்பியூட்டர் எரிந்துபோனது. சண்டை முடிந்து சில வருஷத்துக்குப் பிறகு அவர்களுக்குச் சம்பூரில் காணியின் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது.

இந்த மாதிரி கேம் எதற்கு, நேரத்துக்குப் பிடித்த கேடு என்று கந்தோரில் ஒருவர் முன்பு சொல்வார். அவரோடு நான் வாதாடியதில்லை. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் சொந்த விஷயத்தில் ஒரு வசனம் பேச ஏலாதவர்களாக இருந்தோம். இல்லாத நாட்டில் இல்லாத எருதுக்குக் காயம் பட்டால் மருந்து வைக்கிறதைப் பற்றிப் பேச முடிந்தது. பேசிப் பழகிய பிறகு மற்றதும் வந்தது. கோவிலிலோ கலியாண வீட்டிலோ அது நடந்திருக்கலாம். நடக்கவில்லை.

போன மாதம் சம்பூருக்குப் போனேன். கேமில் அந்த நாட்டு ராசாவை யார் கொன்றிருப்பார்கள் என்று மச்சான் கேட்டார். மந்திரவாதிதான் என்றேன். இல்லை, தளபதி என்றார் அவர். கேமில் அவர் ஒரு வரியும் வாசித்ததில்லை என்பதைச் சுட்டிக்காட்டினேன். தளபதியின் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றார். அரை மணித்தியாலம் வாதாடினோம். தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டாள்.